சாத்தூர் நிப்பும் சிவகாசி நாட்குறிப்பும்

சாத்தூர் என்றதும் வெளியூரார்க்குக் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும் நினைவுக்கு வரும். மைப்பேனாவில் எழுதிப் பழகிய சென்ற தலைமுறையினர்க்கோ மற்றொரு பொருளும் நினைவுக்கு வரும். அதுதான் பேனா நிப்பு. மெல்லிய உலோகத் தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து, நடுவே மயிரிழை போன்ற பிளவைக் கீறி, முனையைத் தீட்டி மெருகேற்றும் அந்தச் சிறுதொழில் வைப்பாற்றங்கரையிலுள்ள இவ்வூரில் குடிசைத் தொழிலாகச் செழித்திருந்தது. பந்துமுனைப் பேனா வந்து அத்தொழிலை நலியச் செய்தது வேறு கதை.

அதே மாவட்டத்தில், சாத்தூருக்கு வடமேற்கே சிறிது தூரத்தில் இருப்பது சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற அந்த ஊரிலிருந்துதான் ஆண்டுதோறும் காலண்டர்களும் டைரிகளும் நாடெங்கும் செல்கின்றன. எழுதும் முனையை ஓர் ஊரும், எழுதும் ஏட்டை அடுத்த ஊரும் உண்டாக்கித் தந்தன. ஆயினும் அவ்வேட்டில் எழுதும் வழக்கம் நம்மில் எத்தனை பேரிடம் உள்ளது? புத்தாண்டில் கடைக்காரர் அன்பளிப்பாகத் தரும் டைரியில் முதற்பக்கத்தில் பெயரையும் முகவரியையும் எழுதுகிறோம். ஜனவரி 5-ஆம் நாள் வரை ஏதேனும் குறிக்கிறோம். பிறகு அது பிள்ளைகளுக்குக் கணக்குப் போடவும், பெண்மக்களுக்குச் சலவைக் கணக்கு எழுதவும் பயன்படுகிறது.

நாளைத் திட்டமிட்டு ஏட்டில் எழுதி வைப்பது மேனாட்டார் வழக்கம் என்றும், இறைவன் நாடியபடி நடக்கும் என்றிருப்பதே நமக்கு அழகு என்றும் கருதுவோர் உண்டு. வரலாறு இதற்கு மாறாகச் சொல்கிறது. அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

எந்த ஷஅபான்?

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். ஷஅபான் மாதத்தில் செலுத்த வேண்டிய தொகைக்கான ஒரு பத்திரம் அவர்கள் முன் வைக்கப்பட்டது. அதைப் பார்த்த கலீபா அவர்கள், இது எந்த ஷஅபான், சென்றதா, நடப்பதா, வரப்போவதா என்று கேட்டார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். கடிதங்களில் ஆண்டு இல்லாததால் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிய முடியவில்லை என அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களும் முறையிட்டதாகக் கூறுவர். அதன்பின் தோழர்களுடன் கலந்து, நபிகளார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு வகுக்கப்பட்டது. ஹிஜ்ரி 17, அதாவது கி.பி. 638-ஐ ஒட்டிய நிகழ்ச்சி இது.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. நம் ஆண்டுக் கணக்கு பிறந்ததே, கொடுக்கல் வாங்கலில் தெளிவு வேண்டும், கடிதத்தில் நாள் வேண்டும் என்ற நடைமுறைத் தேவையால்தான். தவணை வைத்துக் கடன் வாங்கினால் எழுதிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிடும் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதையும் நாம் அறிவோம். எழுதி வைத்தல் நம்மிடம் மார்க்கக் கடமையோடு ஒட்டிப் பிறந்த பழக்கம்.

இமாம் கஸ்ஸாலீ வகுத்த நாள்

ஒரு மனிதன் தன் நாளை எவ்வாறு பகுத்துக்கொள்ள வேண்டும் என்று விரிவாக எழுதியவர்களுள் தலையாயவர் இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (1058–1111). அவர்களின் இஹ்யா உலூமித்தீன் என்னும் பெருநூலில் விர்துகளை வரிசைப்படுத்துவதற்கென்றே ஒரு தனிப் பகுதி உண்டு. அதில் பகற்பொழுதை ஏழு கூறாக்குகிறார்கள். வைகறை முதல் சூரியன் உதிக்கும் வரை ஒன்று. உதயம் முதல் உச்சி சாயும் வரை இரண்டு. உச்சி சாய்ந்தது முதல் அஸர் வரை இரண்டு. அஸர் முதல் மஃரிப் வரை இரண்டு. இரவுக்கும் இதுபோலவே கூறுகள் உண்டு. உறங்குவதும் அவற்றுள் ஒன்று. முறையோடு உறங்கினால் அதுவும் வணக்கத்தில் சேரும் என்பது அவர்கள் கருத்து.

இதைவிட வியப்பானது அடுத்து வருவது. எல்லார்க்கும் ஒரே அட்டவணையை அவர்கள் தரவில்லை. வணக்கத்தில் ஈடுபட்டவர், அறிஞர், மாணவர், பொறுப்பிலுள்ள ஆட்சியாளர், தொழில் செய்பவர், இறைநினைவில் முற்றும் மூழ்கியவர் என மனிதரை ஆறு வகையாக்கி, அவரவர்க்கு ஏற்ற நாள்முறையைத் தனித்தனியே கூறுகிறார்கள். குடும்பத்தைக் காக்க உழைக்க வேண்டியவன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு முழுநேரமும் வணக்கத்தில் கழிக்கலாகாது. உழைக்கும் நேரத்தில் உழைப்பதே அவன் விர்து. கை வேலையில் இருக்க நா இறைவனை நினைக்கலாம் என்கிறார்கள். தீப்பெட்டி ஒட்டும் பெண்ணும், அச்சுப் பொறியருகே நிற்கும் தொழிலாளியும் தம் நாள் வணக்கமின்றிக் கழிகிறதே என்று மனம் வருந்த வேண்டியதில்லை. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்களுக்கும் அந்த ஏட்டில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அறிஞர்க்கு அவர்கள் வகுக்கும் நாளைப் பாருங்கள். வைகறையில் நாவுக்கு வேலை, அதாவது திக்ரு. அடுத்து உள்ளத்துக்கு வேலை, அதாவது சிந்தனையும் கற்பித்தலும். அதன்பின் கண்ணுக்கும் கைக்கும் வேலை, அதாவது படிப்பும் எழுத்தும். அஸருக்குப் பின் காதுக்கு மட்டும் வேலை. பிறர் படிக்கக் கேட்டிருத்தல். அந்த நேரத்தில் படிப்பதும் எழுதுவதும் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும் என்பதும், கண்ணும் கையும் ஓய்வு பெற வேண்டும் என்பதுமே காரணம். ஓர் உறுப்பு களைத்தால் மற்றோர் உறுப்புக்கு வேலையை மாற்றுவது எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! இரவு வெகு நேரம் வரை ஒளிரும் கைப்பேசித் திரையைப் பார்த்துக் கண் சிவக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

அதே நூலின் இறுதிக் காற்பகுதியில் முஹாஸபா, அதாவது தன்னைத் தானே கணக்குக் கேட்டல் பற்றிப் பேசுகையில், வணிகக் கூட்டாளியை உவமையாக்குகிறார்கள். காலையில் முதலைக் கொடுத்து நிபந்தனை பேசுவது போல் மனத்தோடு பேச வேண்டும். பகலில் கண்காணிக்க வேண்டும். மாலையில் வரவு செலவு பார்க்க வேண்டும். அந்த முதல் எது? நம் வாழ்நாள். வணிகக் குடும்பங்கள் மிகுந்த நம் சமுதாயத்துக்கு இதனினும் விளங்கும் உவமை வேறு வேண்டுமோ?

பாக்தாதும் புதுச்சேரியும் லண்டனும்

நாட்குறிப்பும் நமக்குப் புதிதன்று. பாக்தாதில் வாழ்ந்த இப்னுல் பன்னா என்ற ஹன்பலீ மார்க்க அறிஞர் தம் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி இன்றும் உள்ளது. கி.பி. 1068, 1069-ஆம் ஆண்டுகளுக்குரியது. நகரில் நடந்தவை, இறந்தவர்கள், கண்ட கனவுகள் என நாள் வாரியாகக் குறித்திருக்கிறார். ஜார்ஜ் மக்தீசி என்ற அறிஞர் 1950-களில் அதைப் பதிப்பித்து உலகறியச் செய்தார். நம் தமிழ் மண்ணில் புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரிக் குறிப்புகள் புகழ்பெற்றவை.

நடந்ததை எழுதுவது ஒன்று. நடக்க வேண்டியதை முன்கூட்டி எழுதுவது மற்றொன்று. நாள்தேதி அச்சிட்டு, எழுத இடம் விட்ட டைரியை விற்பனைக்குக் கொணர்ந்தவர் லண்டன் காகித வணிகர் ஜான் லெட்ஸ். ஆண்டு 1812. கப்பல் வரும் நாளையும் தவணை தீரும் நாளையும் வணிகர்கள் குறித்துக்கொள்ள அது உதவிற்று. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் 24 மணி நேரத்தையும் கூறுபடுத்திய ஓர் அட்டவணையைத் தந்திருக்கிறார். காலையில் இன்று என்ன நன்மை செய்வது என்று கேட்டு, மாலையில் என்ன செய்தோம் என்று சரிபார்க்கும் முறை அது. இமாமவர்களின் முஹாஸபாவைப் பயின்றவர்க்கு அது பழக்கமான முறையாகவே தோன்றும். ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. காலத்தின் அருமையை உணர்ந்த உள்ளங்கள் ஒரே வழியில் செல்கின்றன என்றே சொல்கிறோம்.

கடிகாரத்துக்கும் நிழலுக்கும் இடையே 18 நிமிடம்

தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கென்றே முஸ்லிம் நாடுகளின் பெரிய பள்ளிவாசல்களில் முவக்கித் என்ற பதவி இருந்தது. திமிஷ்கு நகரின் உமையாப் பள்ளியில் அப்பணியாற்றிய இப்னுஷ் ஷாதிர் சிறந்த வானியல் அறிஞர். 1371-ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மினாராவுக்காக அவர் செய்த நிழற்கடிகாரம் பேர் பெற்றது.

நம் ஊர்களில் பழைய நாளில் நிழலே கடிகாரம். 1870-களில் மதுரை–தூத்துக்குடி இருப்புப் பாதை சாத்தூர் வழியே வந்தபோது புகைவண்டிக்கு ஒரு நேரம் தேவைப்பட்டது. சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரமே அன்று இந்திய இரயில்வேக்களின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அது 82½ பாகை தீர்க்க ரேகையை அடிப்படையாகக் கொண்டது. சாத்தூரோ ஏறத்தாழ 78 பாகையில் உள்ளது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்பது கணக்கு. எனவே சாத்தூரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரம் 12 அடித்து, சராசரியாக 18 நிமிடம் கழித்தே. நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12½ மணியைத் தாண்டியும் அது நிகழும். சென்னைக்குக் கணித்த லுஹர் நேரத்துக்கும் சாத்தூருக்கும் 9 நிமிட வேறுபாடு உண்டு. காலண்டரின் தொழுகை அட்டவணையில் ஊருக்கு ஊர் நிமிடங்களைக் கூட்டிக் குறைக்கச் சொல்வதன் காரணம் இதுவே.

நேரத்தை நிமிடக் கணக்கில் ஆராய்ந்த மரபு நம்முடையது. ஆனால் நம் திருமண அழைப்பிதழில் 11 மணி என்று அச்சிட்டு, லுஹர் பாங்கு சொல்லும்போது மாப்பிள்ளை வந்திறங்குவதையும் காண்கிறோம். முன்னோர் பெருமை பேசும்போது இதையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

சிவகாசியில் அச்சாகும் பிறை

1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற உறவினர் இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த வறண்ட பூமி அத்தொழிலுக்கு இசைந்தது. தீப்பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டும். அதற்கு அச்சகம் வேண்டும். லேபிள் அச்சிட்டுப் பழகிய கைகள் காலண்டரும் டைரியும் அச்சிடத் தொடங்கின. ஆடி பதினெட்டை ஒட்டி அடுத்த ஆண்டுக்கான காலண்டர் மாதிரிகள் வெளியாகின்றன. கஃபாவும் மதீனாவின் பச்சைக் குவிமாடமும் நாகூர் மினாராக்களும் பதித்த காலண்டர் அட்டைகளும் அங்கிருந்தே நம் வீட்டுச் சுவருக்கு வருகின்றன.

ஆடியில் அச்சாகும் தாளிலேயே அடுத்த ஆண்டு ரமலானின் முதல் நாளும் பெருநாளும் குறிக்கப்பட்டு விடுகின்றன. 30 ஆண்டுகளில் 11 ஆண்டுகளுக்கு 355 நாள், மற்றவற்றுக்கு 354 நாள் என்பது கணக்கு முறை. ஆனால் பிறை தென்பட்ட செய்தி வந்து காஜியார் அறிவித்த பின்னரே நாம் நோன்பு வைக்கிறோம். அச்சிட்ட நாள் ஒன்றாகவும் அறிவித்த நாள் மற்றொன்றாகவும் அமைவது உண்டு. அப்போது காலண்டரைக் கிழித்தெறிகிறோமா? இல்லை. ஒரு நாளைத் தள்ளிப் படித்துக்கொள்கிறோம்.

திட்டமிடுதலின் முழுத் தத்துவமும் இதில் அடங்கியிருக்கிறது. முன்கூட்டி எழுதுவது மனிதன் வேலை. அதை மாற்றும் உரிமை இறைவனுக்கு உண்டு. நாளைக்கு இதைச் செய்வேன் என்று சொல்லும்போது இறைவன் நாடினால் என்று சேர்த்துச் சொல்லுமாறு கஹ்பு அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. திட்டமிட வேண்டாம் என்று அது சொல்லவில்லை. திட்டம் தவறினால் மனமுடையாதிருக்கும் வழியைச் சொல்கிறது.

மனப்பாரம் குறைவது எப்படி?

பாதியில் நின்ற வேலையே மனத்தை அதிகம் பற்றிக்கொள்கிறது என்று 1927-இல் ஸெய்கார்னிக் என்ற உளவியல் அறிஞர் எழுதினார். 2011-இல் மஸிகாம்போ, பாமைஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வில், வேலையை முடிக்காவிடினும் எப்போது, எவ்வாறு முடிப்பது என்று திட்டம் வகுத்துவிட்டாலே அந்த நினைவு குறுக்கிடுவது நின்றுபோகக் கண்டனர். இரவில் உறக்கம் வராமல் புரளச் செய்வது வேலையின் பளுவைக் காட்டிலும், மறந்துவிடுவோமோ என்ற அச்சமே. தாளில் இறக்கி வைத்தால் மனம் இளைப்பாறுகிறது. ஒரு வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்று கானமன், ட்வெர்ஸ்கி என்போர் 1979-இல் எடுத்துக்காட்டினர். ஆகவே ஒரு மணி நேரம் ஆகும் என்று தோன்றினால் ஒன்றரை மணி ஒதுக்குவதே விவேகம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏட்டை எடுத்ததும் காலை முதல் இரவு வரை இடைவெளியின்றி வேலையை நிரப்புவோர் உளர். அது மனப்பாரத்தை ஏற்றுமேயன்றி இறக்காது. அபுத்தர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்தார்கள். அவர்கள் இல்லத்துக்கு வந்த ஸல்மான் பாரிஸீ (ரலி) அவர்கள், இல்லத்தரசியாரின் வாடிய கோலத்தைக் கண்டு காரணம் கேட்டறிந்து, தோழரை உண்ணச் செய்து, உறங்கச் செய்து, இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பித் தொழச் செய்தார்கள். இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உரிய உரிமைகள் உண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடும் என்ற கருத்தில் அறிவுரை கூறினார்கள். நபிகளார் (ஸல்) அவர்கள் ஸல்மான் சொன்னது உண்மையே என்று உறுதிப்படுத்தினார்கள். உரியவர்க்கு உரியதைப் பகிர்வதே நாளேட்டின் நோக்கம். உறவினரைக் காண்பதற்கும், பிள்ளைகளோடு அமர்ந்து உண்பதற்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

முறை மிக எளிது. ஐந்து நேரத் தொழுகையை முதலில் பக்கத்தில் எழுதிவிட்டால் நாள் தானாகவே பகுதிகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு பகுதியிலும் ஒன்றிரண்டு வேலைகள் போதும். லுஹருக்கும் அஸருக்கும் இடையே மின்கட்டணம். அஸருக்குப் பின் நோயாளியைப் பார்த்தல். மஃரிபுக்குப் பின் பிள்ளைகளின் பாடம். இஷாவுக்குப் பின் முடிந்தவற்றை அடித்துவிட்டு, முடியாததை மறுநாளுக்கு மாற்றி எழுதிவிட்டு, ஏட்டை மூடிவிட வேண்டும். அடுப்படியில் நிற்கும் தாய்மார்களுக்கு இதற்கெனத் தனி ஏடும் வேண்டியதில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறமே போதும்.

எழுதாமல் போன பக்கம்

இறுதியாக ஒன்று. ஜனாஸாத் தொழுகைக்கு முன் மைய்யித்தின் வாரிசு எழுந்து நின்று, இவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பேற்கிறேன் என்று அறிவிப்பதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் குரலின் நடுக்கத்தையும் கேட்டிருக்கிறோம். தந்தை வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று மகனுக்குத் தெரியாது. தெரிந்தவர் மண்ணுக்குள் செல்லக் காத்திருக்கிறார். சொத்துப் பங்கீட்டுக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது சட்டம். எழுதி வைக்காத ஒரு தொகைக்காக அண்ணன் தம்பி பேச்சற்றுப்போன வீடுகளும் உண்டு. வஸிய்யத்துச் செய்ய ஏதேனும் உடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து.

மரணம் நாள் குறித்து வருவதில்லை என்பதை இந்த வட்டாரத்துக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று காலை வேலைக்குப் புறப்பட்டவர்கள் மாலையில் வீடு திரும்பிச் செய்ய எத்தனை வேலைகளை எண்ணியிருப்பார்கள்! அவர்களைக் காத்திருக்க வேண்டிய பொறுப்பு வேறு பலருடையது. அதை எந்த நாளேடும் நிறைவேற்றாது. ஆனால் நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். யாருக்குத் தர வேண்டும், யாரிடம் பெற வேண்டும், அமானத்தாக வைத்திருப்பது எது, பத்திரம் எங்குள்ளது என்ற நான்கையும் எழுதி, இல்லத்தாரிடம் காட்டி வைக்கலாம்.

ஆகவே அன்பர்களே, வீட்டு அலமாரியில் உறங்கும் டைரியை எடுங்கள். ஆண்டு பழையதாயினும் தாள் பழுதில்லை. முதற் பக்கத்தில் அந்த நான்கு விவரங்களை எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் நாளைய நாளின் ஐந்து தொழுகை நேரங்களை எழுதி, அவற்றிடையே செய்ய வேண்டியதைக் குறியுங்கள். அடியில் மறவாமல் இன்ஷா அல்லாஹ் என்று எழுதுங்கள்.